57 வயதில் கார்பன் ஷூ: அந்த நிமிடங்கள் யாருடையவை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 48 வயதில் மாரத்தானை 3 மணி 28 நிமிடத்தில் ஓடினீர்கள். அதற்கப்புறம் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, 56 வயதில் 3:41 ஆனது. இந்த வருடம், 57 வயதில், முதல் தடவையாக, அடிக்குள் கார்பன் தட்டு வைத்த ஷூ போட்டு 3:33. முடித்த அன்று சந்தோஷம். மறுநாள் கூட ஓடுகிறவர் ஒருவர் "ஓடினது நீங்களா, ஷூவா?" என்று கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. இது என் நேரம்தானா, பழைய நேரங்களோடு ஒப்பிடலாமா, இந்த வயதுக் காலுக்கு இந்த ஷூ ஆகுமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு 62 வயது. இருபது வருடமாக மாரத்தான் ஓடுகிறேன். பத்து வருடமாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் வராத மாதம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 48-இலிருந்து 56 வரை எட்டு வருடத்தில் 13 நிமிடம் கூடியிருக்கிறது. அதாவது வருடத்துக்குச் சுமார் 0.8 சதவீதம். விடாமல் பயிற்சி செய்கிற, பெரிய காயம் எதுவும் படாத ஓட்டக்காரருக்கு இந்த வயதில் இது இயல்பான சரிவுதான். அதே கதியில் போயிருந்தால் 57-இல் நீங்கள் 3:43 அருகே வந்திருக்க வேண்டும். வந்தது 3:33. ஆக, நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது எட்டு நிமிடத்துக்கு இல்லை, பத்து நிமிடத்துக்கு.

இதில் ஷூவின் பங்கு எவ்வளவு? இந்த ஷூ ஆற்றலை 4 சதவீதம் மிச்சப்படுத்தும் என்று எல்லோரும் கேள்விப்பட்டதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒன்பது நிமிடம் ஷூவுக்கே போய்விடும். உங்கள் நண்பர் மனதில் போட்டது அந்தக் கணக்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த 4 சதவீதம் உங்களைப் போன்றவர்களை வைத்து அளந்தது இல்லை. கார்பன் தட்டு வைத்த நைக்கி வேப்பர்ஃபிளை ஷூ 2017-இல் சந்தைக்கு வந்தபோது கொலராடோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 18 பேரை அந்த ஷூவின் மாதிரி வடிவத்தில் ஓடவிட்டு அளந்தார்கள். எல்லோரும் 10 கிலோமீட்டரை 31 நிமிடத்துக்குள் முடிக்கக்கூடிய ஆண்கள். ஓடிய வேகம் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர். அதில் ஆகக் குறைந்த 14 என்பதே மூன்று மணி நேர மாரத்தான் வேகம். அவர்களுக்குத்தான் உடல் செலவழிக்கிற ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைந்தது.

உங்கள் வேகம் மணிக்குப் பதினொன்றரை, பன்னிரண்டு கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. 16 பேர், பாதி ஆண்கள், பாதி பெண்கள். மணிக்கு 12 கிலோமீட்டரில் ஆற்றல் மிச்சம் சராசரியாக 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9 சதவீதம்தான். மெதுவாக ஓடும்போது பாதம் தரையை அழுத்துகிற விசை குறைகிறது, ஷூவின் அடியில் இருக்கிற மெத்தைபோன்ற ஃபோம் அவ்வளவு நசுங்குவதில்லை, அதனால் திரும்பத் தருவதும் குறைவு. உங்களுக்கு 1.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 221 நிமிடத்தில் அது மூன்று நிமிடம் கூட வராது. (உச்ச வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு மிச்சமான ஆற்றலில் ஒரு பங்கைக் காற்றுத் தடை தின்றுவிடும். நம் வேகத்தில் ஆற்றல் மிச்சமும் நேர மிச்சமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.)

அப்படியானால் மீதி ஏழு நிமிடம்? அதை நீங்களே கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி. நீண்ட ஓட்டத்தை 32 கிலோமீட்டர் வரை கொண்டுபோனது. முதல் பாதியை அடக்கி ஓடி, இரண்டாம் பாதியை அதே நேரத்தில் முடித்தது. ஷூவுக்கு மூன்று நிமிடம், உங்களுக்கு ஏழு நிமிடம். என்னைக் கேட்டால் இதுதான் நியாயமான பங்கு.

ஆனால் சராசரி என்பது உங்கள் கால் இல்லை. அந்த 16 பேரில் மெதுவான வேகத்தில் சிலருக்கு ஷூவினால் ஆற்றல் செலவு கூடியிருக்கிறது, சிலருக்கு நல்ல லாபம். உலகத் தரத்துக் கென்ய வீரர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்விலும் ஒருவருக்கு நன்றாக உதவிய ஷூ இன்னொருவருக்குப் பாரமாக இருந்தது. எனவே உங்கள் மூன்று நிமிடம் உண்மையில் பூஜ்யமாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். உங்கள் காலுக்கு எவ்வளவு என்று பெரிய செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

ஷூ என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் வயதான காலுக்கு அது எங்கே உதவும், எங்கே இடிக்கும் என்று புரியும். பேச்சுவழக்கில் எல்லோரும் "கார்பன் ஷூ" என்கிறோம். வேலையில் பெரும்பங்கு செய்வது கார்பன் இல்லை, ஃபோம். பழைய ஷூக்களில் இருந்தது இ.வி.ஏ. என்கிற ஃபோம். பாதம் அழுத்தும்போது உள்ளே போகிற ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை அது திரும்பத் தரும். வேப்பர்ஃபிளையில் வந்த பெபா வகை ஃபோம் 87 சதவீதம் திரும்பத் தந்தது. அதோடு எடையும் குறைவு என்பதால் ஷூவின் கனம் கூடாமலே அடியை உயரமாக வைக்க முடிந்தது. உயரமான அடி என்றால் நசுங்குவதற்கு அதிக இடம். எடையும் சாதாரண விஷயம் இல்லை: ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஒரு சதவீதம் கூடும் என்பது 1980-களிலிருந்தே தெரிந்த கணக்கு. எத்தியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ட் அசெஃபா 2023 பெர்லின் மாரத்தானில் 2:11:53 ஓடியபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம்தான்.

தட்டின் பங்கு என்ன என்று பார்க்க, பிற்பாடு ஓர் ஆய்வில் வேப்பர்ஃபிளையின் தட்டைக் குறுக்கே பல இடங்களில் அறுத்துவிட்டு ஓடவைத்தார்கள். ஆற்றல் செலவில் பெரிய வித்தியாசம் வரவில்லை. தட்டு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவ்வளவு மென்மையான, உயரமான ஃபோம் கோணாமல் நிற்பதற்கும், முன்பாதம் உருண்டு போகிற அந்த வளைவுக்கும் ஏதோ ஒன்று பிடிமானமாக இருக்க வேண்டும். ஆனால் "ஸ்பிரிங் வைத்து எறிகிறது" என்கிற பேச்சை விட்டுவிடலாம். கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்விட்டு விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். அப்புறம் முன்பாதத்தை வளைக்கப் பாருங்கள், பலகை மாதிரி வளையாது. விரல் மூட்டுகள் மடங்கி விரியும்போது வீணாகிற ஆற்றலை அந்த வளையாத தன்மை குறைக்கிறது. கணுக்கால் செய்ய வேண்டிய வேலையையும் இந்த ஷூ கொஞ்சம் குறைக்கிறது.

கணுக்கால் என்று சொன்னதும்தான் நம் வயது உள்ளே வருகிறது. வயதாக ஆக ஓட்டக்காரருக்கு என்ன போகிறது? முதலாவது, உடல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன். உடற்பயிற்சியே இல்லாதவருக்குப் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். விடாமல் பயிற்சி செய்கிறவருக்கு அதைவிடக் குறைவாகக் குறையும். இதில் ஷூவுக்கு எந்த வேலையும் இல்லை. இரண்டாவது, கெண்டைக்கால் தசையின் உந்துவிசை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தரையைவிட்டு எழும்போது கணுக்கால் தருகிற தள்ளல் வயதோடு குறைந்துகொண்டே போகும், இடுப்பும் தொடையும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் நாம் எட்டி வைக்கிற தூரம் குறைந்துவிடுகிறது. உங்கள் பழைய போட்டிப் படம் ஒன்றையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்கால் தரையைவிட்டு எழுகிற அந்தக் கோணத்திலேயே பத்து வருடம் தெரியும்.

ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. பயிற்சியை விடாத மூத்த ஓட்டக்காரர்களிடம் ஒரே வேகத்தில் ஓடச் செலவாகிற ஆற்றல் அதிகமாக மோசமாவதில்லை. எஞ்சின் சிறுத்தாலும் மைலேஜ் கெடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் ஷூ என்றும் சொல்கிற இந்தக் கார்பன் ஷூ கை வைப்பது இந்த மைலேஜில்தான். சிறுத்துப்போன எஞ்சினை அது பெரிதாக்காது.

ஆய்வுக்கூடங்களில் ஓடியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் இனி சொல்வது என் அனுபவத்தில் பார்த்தது. என்னிடம் வருகிறவர்களில் இந்த ஷூவினால் உண்மையாகவே பலன் பெற்றவர்கள் சொல்வது வேகத்தைப் பற்றி இல்லை. 30-ஆவது கிலோமீட்டருக்கு அப்புறம் கெண்டைக்கால் கட்டையாகாமல் இருந்தது என்பார்கள். மறுநாள் மாடிப்படியை நேராக இறங்க முடிந்தது என்பார்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் முழங்காலை மடக்காமல் பக்கவாட்டில் இறங்கிப் பழகிய 60 வயதுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மீண்டு வருவதற்கு நமக்கு இளைஞர்களைவிட அதிக நாள் ஆகிறது. அந்த நாட்களில் ஒன்று மிச்சமானால் ஒரு நல்ல பயிற்சி கூடும். வேகத்தில் கிடைக்கிற லாபத்தைவிட இந்த வழியில் வருகிற லாபம் பெரியது என்று நான் நம்புகிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பழைய நேரத்தோடு ஒப்பிடலாமா என்பது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

உங்களுக்கு வருடத்துக்கு 0.8 சதவீதம் சரிகிறது. ஷூ தந்தது சுமார் 1.3. அதாவது ஒன்றரை வருட வயதை ஷூ ஒரே நாளில் திருப்பித் தந்துவிட்டது. ஒரே ஒரு தடவை. அடுத்த வருடம் அதே ஷூவைத்தான் போடுவீர்கள், வயது மட்டும் 58 ஆகியிருக்கும். சரிவு எப்போதும்போலத் தொடரும், கொஞ்சம் மேலே தூக்கி வைத்த இடத்திலிருந்து. முதல் சூப்பர் ஷூவில் கிடைத்த முன்னேற்றத்தைப் பார்த்து "வயது என்னை விட்டுவிட்டது" என்று நம்பி, அடுத்த வருடம் நேரம் கூடியதும் உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஓட்டக்காரர்கள், ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று வந்து நின்றார்கள். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஷூ மாறிய வருடத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

அதனால் குறிப்பேட்டில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே பழைய ஷூ, கீழே புது ஷூ. கீழே உள்ளவற்றைத் தங்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். மேலே உள்ள 3:28-ஐத் தொட ஆசையாக இருந்தால் புது நேரத்தோடு மூன்று நிமிடம் கூட்டிப் பாருங்கள். 3:33 என்பது பழைய ஷூ கணக்கில் 3:36. 48 வயது நேரத்திலிருந்து எட்டு நிமிடம் தள்ளி, ஒன்பது வருடம் கழித்து. அதுவே நல்ல ஓட்டம்தான்.

பெரியவர்களின் சாதனைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இந்தக் கோடு நினைவுக்கு வரும். கனடாவின் எட் விட்லாக் 2003-இல் 72 வயதில் 2:59:10 ஓடி, எழுபதைத் தாண்டிய பிறகு மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்த முதல் மனிதர் ஆனார். மறுவருடம், 73 வயதில், 2:54:48. சூப்பர் ஷூ என்ற பேச்சே இல்லாத காலம். மில்டன் என்ற ஊரில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் சிறு பாதையில் மூன்று மணி நேரம் வரைகூட மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார், அதுதான் அவருடைய பயிற்சி. ஷூவைத் தேய்கிறவரை விடமாட்டார். 2016-இல் 85 வயதில் 3:56:34 ஓடியபோதும் காலில் இருந்தது வருடக்கணக்கான பழைய ஷூ. மறுவருடம் காலமானார்.

அந்த 2:54:48-க்கு என்ன ஆயிற்று? 2018 டிசம்பரில் அமெரிக்காவின் ஜீன் டைக்ஸ் 70 வயதில் 2:54:23 ஓடினார். போட்டிக்கு முறையான அனுமதி இல்லை என்று சாதனையாக ஏற்கப்படவில்லை. 2022 மே மாதம் நெதர்லாந்தின் யோ ஸ்கோன்பிராட் 71 வயதில் 2:54:19 ஓடினார். பதினெட்டு வருடத்தில் 29 வினாடி. மொத்த நேரத்தில் ஒரு சதவீதம் என்பதே ஒன்றே முக்கால் நிமிடம் வரும். விட்லாக் மற்ற இருவரையும்விட இரண்டு, மூன்று வயது மூத்தவராக இருந்து அதை ஓடினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நியூசிலாந்து விவசாயி டெரக் டர்ன்புல் 1992-இல் லண்டனில் 65 வயதில் ஓடிய 2:41:57 இன்னொரு மலை. முப்பது வருடம் அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை, அந்த முப்பதின் கடைசி வருடங்களில் கடையெல்லாம் சூப்பர் ஷூ கிடைத்தும்கூட.

இதைச் சொல்வது இன்றைய சாதனையாளர்களைக் குறைத்துப் பேச இல்லை. எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே 41 வயதில் 2024 லண்டனில் 2:04:15, ஆஸ்திரேலியாவின் சினேட் டைவர் 45 வயதில் 2022 வலென்சியாவில் 2:21:34, ஜப்பானின் மரிகோ யுகெதா 62 வயதில் 2021 ஒசாகாவில் 2:52:13. யுகெதா உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. அறுபதைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் பெண் அவர்தான், 2019-இல். அமெரிக்காவின் ஜீனி ரைஸ் 76 வயதில் 2024 லண்டனில் 3:33:27 ஓடினார். உங்கள் நேரத்தைப் பாருங்கள், அவருடையதைப் பாருங்கள்! அந்தப் போட்டி முடிந்த சில நாளில் ஆய்வாளர்கள் அவருடைய ஆக்சிஜன் திறனை அளந்தபோது அந்த வயதுப் பெண்களிடம் அதுவரை பதிவானதிலேயே ஆக உயர்ந்த அளவு கிடைத்தது. அதை எந்த ஷூவும் தராது. பல பத்து வருடங்கள் விடாமல் ஓடியதன் சேமிப்பு அது.

சக ஓட்டக்காரர்களோடு ஒப்பிடுவதில் வேறொரு சிக்கல். எல்லோருமே இரண்டு, மூன்று நிமிடம் வேகமானால், பெரிய போட்டியில் இடம் கேட்கத் தேவையான தகுதி நேரக் கோடும் நகரத்தான் செய்யும். பாஸ்டன் மாரத்தான் 2026-க்கான தகுதி நேரத்தை 60 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் ஐந்து நிமிடம் இறுக்கியது. 55 முதல் 59 வயது ஆண்களுக்கு 3:35 என்று இருந்தது 3:30 ஆனது. அறுபதும் அதற்கு மேலும் பழையபடியே, 60 முதல் 64 வரை 3:50. விண்ணப்பங்கள் பெருகியதற்கு ஷூ மட்டும் காரணம் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தையே பாருங்கள்: 3:33 என்பது பழைய கோட்டுக்கு உள்ளே, புதுக் கோட்டுக்கு வெளியே. ஷூ தந்த மூன்று நிமிடத்தைக் கோடு திரும்ப எடுத்துக்கொண்டது, மேலே இரண்டையும் சேர்த்து. நம் நேரத்தை அந்த வயதின் மிகச் சிறந்த நேரத்தோடு ஒப்பிட்டுச் சதவீதம் கணக்கிடும் அட்டவணைகளும் இப்படித்தான். மிகச் சிறந்த நேரங்களை வைத்து அவற்றைப் புதுப்பிக்கிறார்கள். அவை வேகமாக ஆக, பழைய ஷூவிலேயே ஓடுகிறவரின் சதவீதம் அவர் ஒன்றும் செய்யாமலே இறங்கிவிடும்.

அதனால்தான் போட்டியில் இந்த ஷூவைப் போடுவதில் எந்தக் குற்ற உணர்ச்சியும் வேண்டாம் என்கிறேன். வரிசையில் உங்களோடு நிற்கிறவர்கள் பெரும்பாலும் போட்டிருக்கிறார்கள். விதியும் தெளிவாக இருக்கிறது. உலக தடகள அமைப்பு 2020 ஜனவரியில் சாலை ஓட்டத்துக்கு அடியின் உயரம் 40 மில்லிமீட்டர், தட்டு ஒன்றுதான் என்று வரம்பு போட்டது. வெறுமனே வயதுப் பிரிவில் ஓடுகிற நம்மை யாரும் அளவுகோல் வைத்து நிறுத்தப்போவதில்லை. ஆனால் பரிசு மேடையோ சாதனையோ குறியாக இருந்தால் வாங்கும்போதே உயரத்தைப் பாருங்கள், பயிற்சிக்கென்று விற்கிற சில ஷூக்கள் 40-ஐத் தாண்டும். 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த தெராரா ஹுரிசா, அடி 50 மில்லிமீட்டர் உயரம் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

சரி, மூன்றாவது கேள்வி. கால் தாங்குமா?

என் கதையையே சொல்கிறேன். 2021-இல் முதல் ஜோடி வாங்கினேன். கால் அவ்வளவு லேசாக இருந்தது. போட்டிக்கு மட்டும் என்று வைத்திருக்க வேண்டியதை வாரம் நான்கு நாள் போட ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் இடது பாதத்தின் மேல்பக்கம் ஒரு வலி. கயிறு இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். ஓடும்போது சூடேறியதும் வலி மங்கும், முடித்த பிறகு திரும்ப வரும். இன்னும் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். கடைசியில் மருத்துவர் கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கணுக்காலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் உச்சியில் இருக்கிற படகு வடிவச் சிற்றெலும்பு, நேவிக்குலர் என்பார்கள். அதில் அழுத்தக் காயம், முறிவுக்கு ஒரு படி முன்னால். பத்து வாரம் ஓட்டம் இல்லை.

கார்பன் ஷூ போட்டு ஓடிய ஐந்து பேருக்கு இதே எலும்பில் வந்த காயங்களை 2023-இல் மருத்துவர்கள் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விரல் மூட்டிலும் கணுக்காலிலும் குறைகிற வேலை காற்றில் கரைந்துவிடாது, பாதத்தின் நடுப்பகுதிக்கும் வேறு இடங்களுக்கும் சுமை இடம் மாறும். இளைஞனின் எலும்பு மாறிய சுமைக்குச் சீக்கிரம் பழகும். நம் எலும்புக்கு அவகாசம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் அதிக அவகாசம் வேண்டும். அந்த இடத்தை நீங்களே வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு நாணயம் அளவு இடத்தில் கூர்மையாக வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தசை வலிபோல ஓடி ஓடிச் சரியாக்குகிற வலி இல்லை அது.

இன்னொன்று, தடுமாற்றம். உயரமான, மென்மையான, குதிகால் குறுகிய ஷூ. நேர்ப்பாதையில் தெரியாது, கூர்மையான திருப்பத்திலும் தண்ணீர் சிந்திய இடத்திலும் தெரியும். நம் வயதில் சமநிலை பழையபடி இல்லை. திருப்பங்களை அகலமாக எடுங்கள், களைத்துப்போன கடைசி கிலோமீட்டர்களில் குறிப்பாக.

பழக்கும் முறை என்று நான் சொல்லிக்கொடுப்பது இது. முதல் இரண்டு வாரம் இலகு ஓட்டத்தின் முடிவில் 100 மீட்டர் வேக ஓட்டம் ஐந்தாறு, அவ்வளவுதான். அப்புறம் வாரம் ஒரு டெம்போ, அதாவது சீரான, கொஞ்சம் வேகமான ஓட்டம். அப்புறம் ஒன்றிரண்டு நீண்ட ஓட்டத்தின் கடைசி 10 கிலோமீட்டர், ஷூவை மாற்றிக்கொண்டு. அதற்கப்புறம் போட்டி. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டவே வேண்டாம். மற்ற நாளெல்லாம் சாதாரண ஷூ, ஏனென்றால் கெண்டைக்கால் தானே வேலை செய்யவில்லை என்றால் வயது அதை இன்னும் வேகமாக எடுத்துக்கொண்டு போகும். குதிகாலைத் தூக்கி இறக்குகிற பயிற்சியை முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, கையில் எடையோடு, மெதுவாகச் செய்யுங்கள். உங்கள் எடைப் பயிற்சிப் பட்டியலில் அது இல்லாததைக் கவனித்தேன். தொடை, இடுப்பு எல்லாம் இருக்கிறது. நமக்கு முதலில் போகிற தசைதான் விடுபட்டிருக்கிறது.

ஷூவின் ஆயுளையும் பாருங்கள். 450 கிலோமீட்டர் ஓடிய பெபா ஷூவைச் சோதித்தபோது புதிதாக இருந்தபோது தந்த லாபம் காணாமல் போயிருந்தது. மேலே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், அடி ரப்பரும் தேய்ந்திருக்காது. நான் அடியின் ஓரத்தில் பேனாவால் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டே வருவேன். சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது குதிகால் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் அதை ஓட்டத்துக்குப் போடமாட்டேன்.

கடைசியாக, உங்கள் காலுக்கு இந்த ஷூ எவ்வளவு தருகிறது என்று பார்க்கிற வழி. காற்றில்லாத காலை ஒன்றில் ஓட்டத் தடத்துக்குப் போங்கள், இரண்டு ஜோடியோடும். 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். அப்புறம் உங்கள் மாரத்தான் வேகத்தில் நான்கு சுற்று, அதாவது 1,600 மீட்டர், சாதாரண ஷூவில். மூன்று நிமிடம் ஓய்வு, ஷூவை மாற்றிக்கொண்டு அதே வேகத்தில் நான்கு சுற்று. திரும்ப ஓய்வு, ஷூவை மாற்றாமல் இன்னொரு நான்கு சுற்று. கடைசி நான்கு மறுபடி சாதாரண ஷூவில். வேகம் நான்கிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் நகரக் கூடாது. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு சுற்றின் சராசரி இதயத் துடிப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டை இருந்தால் நல்லது. நேரம் போகப்போகத் துடிப்பு தானே ஏறும். சாதாரண ஷூவை முதலிலும் கடைசியிலும் வைத்ததால் அந்த ஏற்றம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். சாதாரண ஷூவின் இரண்டு எண்ணுக்குச் சராசரி, கார்பன் ஷூவின் இரண்டு எண்ணுக்குச் சராசரி. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டு தடவையும் கார்பன் ஷூவில் துடிப்பு இரண்டு, மூன்று குறைந்திருந்தால் ஷூ உங்களுக்கு வேலை செய்கிறது. வித்தியாசமே இல்லை என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் ஷூவுக்கு நான் ஒதுக்கிய மூன்றையும் உங்கள் பேரில் எழுதிக்கொள்ளலாம். எண்கள் வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.